நீலக் கதவுக்கு முத்தி

உங்கள் வீட்டுச் சுவரில், நேற்று வரை காலண்டர் தொங்கிக்கொண்டிருந்த இடத்தில், விடிந்து பார்க்கும்போது தாழ்ப்பாளும் கைப்பிடியும் இல்லாத ஒரு நீலக் கதவு நின்றால், நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?

சூசையார்துறைப் பெண்கள் காலண்டரை வேறு எங்கே மாட்டலாம் என்று பார்த்தார்கள். பிறகு உலையை ஏற்றினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினார்கள், சோறு வடித்து முடித்த பிறகுதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்று, "சரி, இது என்னன்னு இப்பப் பாப்போம்" என்றார்கள். பார்த்த மாத்திரத்தில் அவர்களுக்கு விளங்கிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் கோயில் மண்டபத்தில் வைத்துப் பதிந்தோமே, அதுதான் இது.

கழுத்தில் பட்டையோடு அடையாள அட்டையைத் தொங்கவிட்டிருந்த ஒரு தம்பி, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து வந்திருந்தான். 'கரைக்குரல்' என்று ஒரு செயலியாம். டவரும் எட்டாத, வயர்லெஸ்ஸும் எட்டாத ஆழத்தில் பல நாள் தங்கல் போட்டு மீன்பிடிக்கிற ஆம்பிளைகளோடு கரையில் இருக்கிற பெண்கள் பேசலாமாம். படகுக்கான பெட்டியை எல்லாப் படகிலும் அவனே ஏறிப் பொருத்திக் கொடுத்துவிட்டான். கரைக்கு வேண்டியதைத்தான் கொடுக்கவில்லை.

"இது சோதனைப் பதிப்பு அம்மா. எல்லாருக்கும் ஒரேயடியா தர முடியாது. பதிஞ்சு வைங்க, உங்க முறை வந்ததும் திறக்கும்."

"எப்ப தம்பி வரும்?" என்று கேட்டாள் பிரகாசி. இடுப்பில் இருந்த மகள் ஆக்னஸ் அந்தத் தம்பியின் அட்டையைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம்."

"சீக்கிரம்னா?"

"சீக்கிரம்தான்மா" என்று சொல்லிவிட்டு அட்டையைப் பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்கித் துடைத்துக்கொண்டு போனவன்தான், அதற்கப்புறம் அவன் நம்பரைப் போட்டால் ஒரு பெண்குரல் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடும்.

பிரகாசியின் கதவு சமையல்கட்டுச் சுவரில் வந்திருந்தது. அது அவளுக்கும் அவள் புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி மெட்டில்டாவுக்கும் பொதுவான சுவர். நியாயப்படி அந்தச் சுவரை உடைத்தால் மெட்டில்டாவின் அம்மிக்கல்லில்தான் போய் முட்ட வேண்டும். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் கடல் இருந்தது. அலை கேட்டது, என்ஜின் கேட்டது, முதல் நாளே அவள் புருஷன் கஸ்பார் இருமுவதும், சுருதி சேராமல் மாதா பாட்டு ஒன்றை இழுப்பதும், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறமாதிரி அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. "அவர்தான், வேற யாரு இப்படிப் பாடுவா" என்று சிரித்துக்கொண்டே அவள் குழம்புக்குப் புளி கரைத்தாள்.

ஊர் அந்தக் கதவுகளை வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். தச்சர் வந்து தட்டிப் பார்த்து, மரம் என்னதென்று தெரியவில்லை, வேலை சுத்தம் என்றார். ஒரு வீட்டில் கதவு குளியலறைக்குள் முளைத்து, குளிக்கிற நேரமெல்லாம் மாமனார் வலை இழுக்கிற சத்தம் கேட்டதால் மருமகள் கிணற்றடிக்குப் போய்க் குளித்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் உங்கள் வீட்டில் கதவு எந்தத் திசை என்று கேட்டார்கள். குழாயடியில் பெண்கள், "எங்க வீட்டுல இன்னிக்கு மழை பெஞ்சிச்சு", "எங்க வீட்டுல சூரை மீன் விழுற சத்தம், தொப்பு தொப்புன்னு" என்று அவரவர் கதவுக்குப் பின்னால் நடப்பதைச் சொல்லிச் சொல்லிக் குடம் நிரப்பினார்கள். கதவு வந்ததைப் பற்றி யாருக்கும் ஆச்சரியம் இல்லை. திறக்கவில்லையே என்பதுதான் எல்லாருக்கும் ஆத்திரம்.

அதுவும் முதலில் திறந்தது யாருக்கு என்கிறீர்கள்? தையல்கடை எட்வினுக்கு. படகில் ஏறினாலே வாந்தி எடுக்கிறவன், எல்லாரும் பதிகிறார்களே என்று தானும் போய், படகின் பெயர் கேட்ட இடத்தில் கரையில் பல காலமாகக் குப்புறக் கிடக்கிற ஓட்டை வள்ளம் ஒன்றின் பெயரைச் சொல்லி வைத்திருந்தான். அவன் கதவு திறந்தபோது உள்ளே அந்த வள்ளத்தின் வயிறும், அதன் நிழலில் படுத்திருந்த நாயும் தெரிந்தன. நாய் எழுந்து அவனைப் பார்த்துக் குரைத்தது. "எனக்கு வந்திருச்சு, எனக்கு வந்திருச்சு" என்று அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். கதவு திறந்தவர் ஒருவருக்கு மட்டும் சிபாரிசு செய்யலாம், கதவுக்கு முன்னால் நின்று யார் பெயரை வாயால் சொல்லிக் கூப்பிடுகிறோமோ அவருக்கு உடனே திறக்கும், ஒரே ஒரு பெயர்தான், அப்புறம் கிடையாது என்பதையும் அவனே சொன்னான். அந்த ஒரு பெயரை மதுரையில் இருக்கும் மச்சானுக்கு அவன் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தான்.

"மதுரையில கடல் எங்கடா இருக்கு?" என்று பெண்கள் அவனை ஓட ஓட விரட்டினார்கள்.

பிரகாசி மனம் தளர்கிற சாதியில்லை. ஆக வேண்டியதைப் பார்க்கிறவள். நம்மால் முடிந்தது ஜெபம்தானே என்று, கோயிலில் சூசையப்பர் சுரூபத்தின் பாதத்துக்கு முத்தி செய்கிறமாதிரி, விரலால் கதவைத் தொட்டு அந்த விரலை முத்தமிட்டுக்கொண்டாள். தொட்ட உடனே அடுப்பு மேடையில் கிடந்த போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தால், 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. நீங்கள் வரிசையில் சேர்க்கப்பட்டிருக்கிறீர்கள்' என்று வந்திருந்தது. நன்றி என்றால் நல்ல சகுனம் இல்லாமல் வேறென்ன? அவள் குழாயடியில் சொன்னாள், குழாயடி ஊருக்குச் சொன்னது, அன்று முதல் காலையில் எழுந்ததும், மாலை ஜெபமாலை முடிந்ததும், எல்லா வீட்டிலும் எல்லாரும் வரிசையாகப் போய்க் கதவைத் தொட்டு முத்தி செய்தார்கள், எல்லா வீட்டுப் போனும் டிங் டிங் என்று பூசை மணி மாதிரி நன்றி சொன்னது. அப்போதுதான் நடை பழகியிருந்த ஆக்னஸுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. தத்தித் தத்திப் போய், விரலெல்லாம் வேண்டாமென்று, வாயையே நேராகக் கதவில் வைத்து எச்சில் வழிய முத்தி கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

முத்தி செய்யாத வீடு ஊரில் ஒன்றுதான், அது மெட்டில்டாவின் வீடு. அவளும் அன்றைக்கு எல்லாரோடும் சேர்ந்து பதிந்தவள்தான், ஆனால் கதவு வந்த அன்றே அதற்கு முன்னால் அரிசி டிரம்மையும் பழைய வலை மூட்டையையும் அடுக்கி மறைத்துவிட்டாள். "ரேசன் கடையிலயும் நிக்கணும், ஆஸ்பத்திரியிலயும் நிக்கணும், இனி வீட்டுக்குள்ளயும் வரிசையில நிக்கணுமோ? போங்கடி" என்றுவிட்டாள்.

பிரகாசியோடு மெட்டில்டா பேசுவதில்லை. கஸ்பாரின் அம்மா செத்தபோது அவன் மூக்கொழுகிப் பயல், அந்த வீட்டுக்குப் புதுப்பெண்ணாக வந்த மெட்டில்டாதான் அவனுக்குச் சோறு ஊட்டி, தலை சீவி, கடலுக்குப் போகிற வரைக்கும் வளர்த்தாள். அப்படிப்பட்டவள், ஆக்னஸுக்கு ஞானத்தாய் தான்தான் என்று வெள்ளைப் பட்டில் கையாலேயே கவுன் தைத்து எடுத்துக்கொண்டு ஞானஸ்நானத்துக்குப் போனால், தொட்டியருகில் படகு முதலாளியின் மனைவி பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கிறாள். முதலாளி வீட்டில் கேட்டார்கள், கஸ்பாரால் மறுக்க முடியவில்லை, மயினியான அவளிடம் முன்கூட்டிச் சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை. மெட்டில்டா கவுனைப் பையிலேயே வைத்துத் திரும்பிக் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டு வாசற்படியை அவள் மிதிக்கவில்லை, அவர்கள் பெயர்களை வாயில் எடுக்கவும் இல்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது பிரகாசி ஒன்றைக் கவனித்தாள். கதவுக்குப் பின்னால் கடல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. முதல் நாள் பக்கத்தில் கேட்ட இருமல், அப்புறம் அடுத்த தெருவில் கேட்கிறமாதிரி ஆயிற்று, அப்புறம் காற்றடிக்கும்போது மட்டும் கேட்டது. அவள் காதைக் கதவில் வைத்துக் கேட்டாள். டிங். இன்னும் மெலிந்தது. காதை இன்னும் அழுத்தினாள். டிங். இன்னும் மெலிந்தது. படகு தூரமாகப் போகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள்.

காலையில் ஒன்றாம் நம்பர், வெயில் ஏறுவதற்குள் மூன்றாம் நம்பர். ரேடியோவில் புயல் திசை திரும்பிவிட்டது என்றார்கள், சாயங்காலத்துக்குள் தெற்கே இறங்கும் என்றார்கள். வயர்லெஸ் எட்டிய படகுகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை சேர்ந்தன. மெட்டில்டாவின் புருஷன் சில்வஸ்டரின் படகும் வந்து கட்டிவிட்டது. வராமல் நின்றவை கஸ்பாரின் படகும் அதோடு சேர்ந்து போன இரண்டும். அவர்கள் மீனைத் தேடி நேர் தெற்கே, புயல் இறங்கப்போகிற இடத்துக்கே போயிருக்கிறார்கள் என்று கடைசியாகப் பேசியவர்கள் சொன்னார்கள். எல்லா ஆபீசுக்கும் போன் போட்டாகிவிட்டது. தேடுகிறோம் என்றார்கள். தேடுவார்கள், ஆனால் கடல் பெரியது.

வராத படகுகளின் பெண்கள் கதவுகளுக்கு முன்னால் முழங்காலில் விழுந்தார்கள். பிரகாசி இரண்டு உள்ளங்கையையும் கதவில் வைத்து, நெற்றியை வைத்து, "ஏங்க, கேக்குதா? திரும்பி வாங்க, திரும்பி வாங்க" என்று கத்தினாள். போன் டிங் டிங் டிங் என்று மூச்சுவிடாமல் நன்றி சொன்னது. கதவுக்குப் பின்னால் கடல், சங்கைக் காதில் வைத்தால் கேட்குமே, அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அப்போது ஏதோ தடாலென்று விழுந்தது. அரிசி டிரம் உருண்டது. மெட்டில்டாவின் வீட்டு ஜன்னல் வழியாக உப்புக்காற்று குப்பென்று தெருவுக்கு வந்து, கொடியில் காய்ந்த துணியையெல்லாம் தூக்கி அடித்தது.

ஊரே ஓடியது. மெட்டில்டாவின் கதவு விரியத் திறந்திருந்தது. அதன் நிலைப்படியோடு ஒட்டி, ஒரு சொட்டும் உள்ளே சிந்தாமல், துறைமுகத்துத் தண்ணீர் நின்றது, கட்டிப்போட்ட படகில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சில்வஸ்டர் தலையைத் தூக்கிப் பார்த்து, "என்னட்டி, சோறு ஆயிருச்சா?" என்றான்.

நல்லவேளை, மெட்டில்டா புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவள் இல்லை. சொல்லியிருந்தால் அந்த ஒரே பெயர் அதிலேயே போயிருக்கும். "ஐயோ, நீங்களா" என்றவள், சட்டென்று விஷயம் நினைவுக்கு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஊரே விழுந்து கும்பிட்டோம், எங்களுக்குத் திறக்கல. ஒரு நாள்கூடத் தொடாதவளுக்குத் திறந்திருக்கு பாரு" என்று கூட்டத்தில் யாரோ அழுதுகொண்டே சொன்னார்கள்.

பிரகாசிக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. தொடாதவளுக்கு. அவள் போனை எடுத்துப் பார்த்தாள். வரிசையில் சேர்க்கப்பட்டிருக்கிறீர்கள், வரிசையில் சேர்க்கப்பட்டிருக்கிறீர்கள், விரல் வலிக்கிற அளவுக்குக் கீழே கீழே அதேதான். ஒரு தடவை சேர்த்தவளை மறுபடி மறுபடி எதற்குச் சேர்க்க வேண்டும்? குழாயடியில் வரிசையில் வைத்த குடத்தை, முறை வந்துவிட்டதா என்று பார்க்க எடுத்து எடுத்துப் பார்த்தால் என்ன ஆகும்? பின்னால் இருப்பவள் முன்னால் நகர்ந்துவிடுவாள், நம் குடம் கடைசிக்குப் போகும்.

"ஏட்டி, தொடாதீங்கடி! யாரும் இனி கதவைத் தொடாதீங்க! நாம தொட்ட ஒவ்வொரு தடவையும் நம்மளக் கடைசியில கொண்டு போய் நிறுத்தியிருக்கான்! அதுக்குத்தான் அந்த நன்றி!"

முத்தி செய்த விரல்களைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். சிலர் அவற்றை முந்தானைக்குள் ஒளித்தார்கள். பிரகாசி ஆக்னஸை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மெட்டில்டாவின் வாசலில் போய் நின்றாள்.

"அக்கா."

மெட்டில்டா உருண்ட டிரம்மை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். சிதறிய அரிசியைக் கையால் ஒதுக்கினாள். திரும்பவில்லை.

"அக்கா, உங்களுக்கு ஒரு பேர் சொல்லலாம். அவரு படகும் மத்த ரெண்டும் ஒண்ணாத்தான் கிடக்கும், அவருக்குத் தெரிஞ்சாப் போதும், வயர்லெஸ்ல அவங்களுக்கும் சொல்லிருவாரு. என் பேரைச் சொல்லுங்க."

"முதலாளி வீட்டுல கதவு திறக்கலையோ?" என்றாள் மெட்டில்டா, அரிசியைப் பார்த்தே. "பிள்ளைய ஏந்துன கைதான, புயலையும் ஏந்தட்டும்."

"ஏசுங்கக்கா. நாளைக்கு உக்கார வச்சு நாள் முழுக்க ஏசுங்க. இப்ப கூப்பிடுங்க."

"அந்தப் பேரு என் வாயில வந்து எம்புட்டோ காலம் ஆச்சு. கூப்பிட்டா வருமான்னு எனக்கே தெரியல. போ."

போ என்று சொன்ன பிறகு நிற்க முடியாது. வானம் தெற்கே ஈயப் பாத்திரம் மாதிரி கறுத்திருந்தது. பிரகாசி வீட்டுக்குள் வந்து, நீலக் கதவுக்கு எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்து, கைகள் தன்னையறியாமல் கதவுக்குப் போய்விடுமோ என்று பயந்து, இரண்டையும் தொடைக்கு அடியில் போட்டு அமுக்கி உட்கார்ந்தாள். ஆக்னஸை இடுப்பிலிருந்து இறக்கியதைக்கூட அவள் உணரவில்லை. அங்கே கடல் ஒரு முனகல். அதற்குள் ஒரு இருமல் கேட்டதா, கேட்கவில்லையா? எழுந்து போய்க் காதை வைத்தால் தெரிந்துவிடும். ஒரே ஒரு தடவை. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் செருமல். அதே நேரத்தில்தான் பிரகாசி கண்ணைத் திறந்தாள். ஆக்னஸ் தத்தித் தத்திக் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள், முத்திக்கு வாயைக் குவித்துக்கொண்டு.

"பிரகாசி!" என்றது சுவர்.

கடல் ஒரே பாய்ச்சலில் கிட்டத்தில் வந்தது. பிரகாசி தரையோடு விழுந்து பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்தாள். குவிந்த வாய்க்கும் நீலக் கதவுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது, அவ்வளவு நெருக்கத்தில் கதவு உள்வாங்கித் திறந்தது. உப்புக்காற்று அடுப்பை அணைத்தது. பிள்ளை முத்தி கிடைக்காத கோபத்தில் வீறிட்டது.

கதவுக்குள் கஸ்பார் நின்றான். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான், முகமெல்லாம் மீன் செதில். அவன் காலடியில் படகுப் பலகை, அவனுக்குப் பின்னால் ஒரு சுருக்கமும் இல்லாமல், எண்ணெய் ஊற்றி வைத்தமாதிரி கடல்.

"திறந்திருச்சா? ஏலே, கரைக்குரல் வந்திருச்சுடா!" என்று அவன் கூட இருந்தவர்களைப் பார்த்துக் கத்தினான். "பிள்ளை எதுக்கு அழுது?"

"பிள்ளைய விடுங்க. புயல் தெக்க திரும்பிருச்சு. மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சு. உங்க தலைமேலதான் இறங்குது. இப்பவே திருப்புங்க, மத்த படகுக்கும் சொல்லுங்க."

கஸ்பார் வானத்தைப் பார்த்தான். சிரித்தான். "காத்தே இல்லட்டி இங்க. தண்ணி தூங்குது. போன மாசமும் கூண்டு ஏத்துனான், வெயில்ல மண்டை காஞ்சு வந்து சேர்ந்தோம். இப்பத்தான் மீனு பட ஆரம்பிச்சிருக்கு. ஒரு பாடு வலை இழுத்துட்டு வாரேன்."

"ஒரு பாடும் வேண்டாம், சொல்லுறதக் கேளுங்க!"

"நீ இடி இடிச்சாலே கட்டிலுக்கு அடியில போறவ."

கதவு அசைந்தது. சோதனைப் பதிப்பு அல்லவா, எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாக, காற்றில் சாய்கிறமாதிரி, மூடிக்கொண்டு வந்தது. கஸ்பாரின் ஒரு தோள் மறைந்தது. அவன் வலைக்கயிற்றைக் குனிந்து எடுப்பது தெரிந்தது. பிரகாசி கதவைப் பிடித்து நிறுத்தக் கையை நீட்டி, தொடக்கூடாதே என்று பாதியில் இழுத்துக்கொண்டாள். உலகத்தில் ஒரே ஒருவர் சொன்னால்தான் அவன் கயிற்றைக் கீழே போடுவான். சாப்பிடு என்றால் சாப்பிட்டு, தூங்கு என்றால் தூங்கி, அந்தக் குரலுக்குத்தான் அவன் வளர்ந்திருக்கிறான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். தெருவாசலில், படிக்கு வெளியே, மெட்டில்டா நின்றுகொண்டிருந்தாள். கஸ்பாரின் குரல் கேட்டு வந்திருக்கிறாள். கையில் அரிசித் தூசி அப்படியே இருந்தது, அதை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள், பிள்ளையை வாங்கப்போகிறவர்கள் துடைப்பார்களே, அதுமாதிரி. படியை மட்டும் தாண்டவில்லை.

கதவு இன்னும் ஒரு சாண் மூடியது. பிரகாசி வீறிட்டு அழும் ஆக்னஸை இரண்டு கையாலும் தூக்கி, வாசற்படிக்கு மேலே நீட்டினாள்.

"அக்கா, பிள்ளையப் பிடிங்க. பிடிச்சுக்கிட்டு உள்ள வாங்க. வந்து அவரைக் கூப்பிடுங்க, அக்கா."